மீண்டும் மீண்டும் கேஸுவாலிட்டிக்கு வருகிறவர்கள்: செவிலியர் முன்னின்று நடத்தும் தொடர் கவனிப்புக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கேஸுவாலிட்டியில் நைட் டியூட்டி பார்க்கும் எந்த ஸ்டாஃப் நர்ஸைக் கேட்டாலும், சீட்டைப் பார்க்காமலே பெயர் சொல்லக்கூடிய நோயாளிகள் சிலர் இருப்பார்கள். மாதம் தவறாமல் மூச்சு முட்டி வரும் தாத்தா, சர்க்கரை இறங்கி மயக்கத்தில் ஆட்டோவில் தூக்கிவரப்படும் அம்மா, வலிப்பு மாத்திரை தீர்ந்து போய் வலிப்பு வந்த பிறகே வரும் இளைஞர். ஊசி, நெபுலைசர், டிரிப்ஸ், சில மணி நேர அப்சர்வேஷன், பிறகு வீடு. அடுத்த மாதம் அதே கட்டிலில் அதே ஆள்.

இப்படி வருகிறவர்களைத் தொல்லையாகப் பார்க்கும் பழக்கம் பல ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது. அது நோயாளிக்குச் செய்யும் அநியாயம். அவர் திரும்பி வருவதற்கான காரணம் பெரும்பாலும் கேஸுவாலிட்டிக்கு வெளியே இருக்கிறது: வீட்டுச் சமையலில், மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையில், பஸ்ஸில் போகிற அன்று விட்டுவிடும் டோஸில். அந்தக் காரணத்தைக் கேட்டு அறிந்து, சம்பந்தப்பட்ட எல்லாரையும் இணைக்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் செவிலியராக இருந்தால் வேலை நடக்கும்.

இதற்கு ஆதாரம் உண்டு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் இதயச் செயலிழப்பு (இதயம் ரத்தத்தைப் போதிய பலத்தோடு தள்ள முடியாத நிலை) உள்ள முதியவர்களிடம் செவிலியர் தலைமையில் நடந்த ஆய்வு 1995-ல் வெளியானது. மொத்தம் 282 பேர். கவனிப்பு கிடைத்த பிரிவில் 90 நாட்களுக்குள் அதே நோய்க்காக மீண்டும் அட்மிட் ஆவது 56 சதவீதம் குறைந்திருந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் செவிலியர் பேராசிரியர் மேரி நெய்லர் 1999-ல் வெளியிட்ட ஆய்வில் 65 வயதைத் தாண்டிய 363 பேர் இருந்தார்கள். வழக்கமான டிஸ்சார்ஜ் பெற்றவர்களில் 37 சதவீதம் பேர் 24 வாரங்களுக்குள் மறுபடி அட்மிட் ஆனார்கள். செவிலியர் தொடர்ந்து கவனித்த பிரிவில் அது 20 சதவீதம்தான். இரண்டுமே மறு அட்மிஷனை அளந்த ஆய்வுகள். ஆனாலும் கேஸுவாலிட்டிக்குத் திரும்பி வருகிறவர்களிடம் செய்ய வேண்டிய வேலையும் கிட்டத்தட்ட இதேதான். நம் ஊர் ஆஸ்பத்திரிகளுக்கு ஏற்றபடி அதை எப்படித் தொடங்குவது என்று பார்க்கலாம்.

முதல் படி: யாரை எடுப்பது

கேஸுவாலிட்டி ரிஜிஸ்டரில் கடந்த ஆறு மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று முறைக்கு மேல் வந்தவர்களைத் தனியாகக் குறியுங்கள். இது கேட்பதற்குத்தான் எளிது. ஒரே ஆள் ஒவ்வொரு முறையும் புதுச் சீட்டில், புது எண்ணில் பதிவாகியிருப்பார். ஒரு தடவை சண்முகம், இன்னொரு தடவை இனிஷியலோடு சன்முகம். அதனால் பெயரை நம்பாமல் செல்போன் எண்ணையும் ஊரையும் வைத்துத் தேடுங்கள்.

பட்டியல் வந்ததும் நோய் வாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இதயச் செயலிழப்பு, ஆஸ்துமாவும் சி.ஓ.பி.டி.யும் (நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய்), சர்க்கரை, வலிப்பு, டயாலிசிஸ், குடிப்பழக்கம், புற்றுநோய் வலி என்று ஏழெட்டு குவியல் வரும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடாதீர்கள். ஒரு நோயை எடுத்து, ஒரு செவிலியருக்குப் பதினைந்து இருபது நோயாளிகளோடு தொடங்குவது நல்லது. எண்ணிக்கையில் எது பெரிய குவியல் என்பதைவிட, எதில் காரணத்தை மாற்ற முடியும் என்பதைப் பாருங்கள். என் கணிப்பில் இதயச் செயலிழப்பும் சர்க்கரையும் தொடங்குவதற்கு ஏற்றவை.

தொடங்கும் முன் டியூட்டி டாக்டர், அந்தப் பிரிவு கன்சல்டன்ட், நர்சிங் சூப்பரின்டெண்டென்ட் மூவரும் கையெழுத்திட்ட ஒரு பக்க நெறிமுறை வேண்டும். செவிலியர் எதைத் தானே செய்யலாம், எதற்கு டாக்டரைக் கேட்க வேண்டும், டாக்டர் கிடைக்காவிட்டால் அடுத்து யார் என்பது அதில் தெளிவாக இருக்கட்டும். டோஸை மாற்றும் அதிகாரம் செவிலியருக்கு இல்லை. ஆனால் டோஸ் மாற வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பதை முதலில் கண்டுபிடிப்பவர் அவராகத்தான் இருப்பார். இந்த வேலைக்கென டியூட்டி பட்டியலில் தனி நேரம் ஒதுக்கச் சொல்லிக் கேளுங்கள். வார்டு வேலைக்கு நடுவே ஓட்டை நேரத்தில் செய்யச் சொன்னால் ஒரு மாதத்தில் நின்றுவிடும்.

இரண்டாவது படி: கட்டிலருகே முதல் பேச்சு

நோயாளி வீட்டுக்குப் போன பிறகு தேடிப் பிடிப்பது கடினம். மூச்சு சீராகி, ஆள் நிதானத்துக்கு வந்ததும் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பேசுங்கள். நின்றுகொண்டு கேட்டால் சுருக்கமான பதில்தான் வரும். கூட வந்திருப்பவர் யார் என்று கேளுங்கள். ஆஸ்பத்திரிக்கு அழைத்துவந்தவர் மகனாக இருக்கும், வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவர் மருமகளாக இருக்கும். நீங்கள் பேச வேண்டியது மருமகளிடம்.

“ஏன் மாத்திரையைச் சரியாகச் சாப்பிடவில்லை?” என்ற கேள்வியை அடியோடு விட்டுவிடுங்கள். அதற்கு ஒரே பதில்தான் கிடைக்கும்: “சாப்பிட்டுட்டுத்தான் இருக்கேன் சிஸ்டர்.” அதற்குப் பதிலாக இப்படித் தொடங்கலாம்: “கடைசியா உடம்பு நல்லா இருந்தது என்னைக்கும்மா?” அந்த நாளிலிருந்து இன்று வரை ஒவ்வொரு நாளாக நடத்திக் கூட்டி வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை கோயில் போனது, திங்கட்கிழமை கால் வீங்கியது, செவ்வாய் இரவு படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்தே தூங்கியது எல்லாம் தானாக வெளியே வரும். பிறகு, “மாத்திரை எல்லாருக்கும் ஒண்ணு ரெண்டு நாள் விட்டுப் போறதுதான். போன வாரம் உங்களுக்கு எத்தன நாள் விட்டுப் போச்சு?” என்று கேட்டால் உண்மையான எண் கிடைக்கும்.

தொடர்ந்து போன் செய்யப் போகிறோம், விவரங்களை எழுதி வைக்கப் போகிறோம் என்பதைச் சொல்லிச் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

மூன்றாவது படி: மருந்துப் பையைக் கொட்டிப் பார்ப்பது

என்னைக் கேட்டால் முழுத் திட்டத்திலும் அதிகம் பலன் தரும் வேலை இது. வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துவரச் சொல்லுங்கள். “எல்லா மருந்தும்” என்றால் ஆங்கில மருந்து மட்டும் என்று எடுத்துக்கொள்வார்கள். சித்த மருந்துச் சூரணம், லேகியம், பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த மாத்திரை, கடையில் கேட்டு வாங்கியது எல்லாம் என்று விவரித்துச் சொல்ல வேண்டும். மேஜையில் கொட்டி, டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். திரும்பத் திரும்பக் கண்ணில் படும் சிக்கல்கள் சில இருக்கின்றன.

ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் இருப்பது முதலாவது. அரசு ஆஸ்பத்திரியில் கொடுத்த பிரஷர் மாத்திரையும் தனியார் டாக்டர் எழுதியதும் உள்ளே ஒரே அம்லோடிபின்தான். இரண்டையும் விழுங்கிவிட்டுத் தலைசுற்றி விழுந்து கேஸுவாலிட்டிக்கு வருவார். அட்டையின் பெரிய எழுத்தைப் பார்க்காமல், சின்ன எழுத்தில் உள்ள மருந்தின் மூலப்பெயரைப் பாருங்கள்.

அடுத்தது மூட்டு வலி மாத்திரை. டைக்ளோஃபெனாக், ஐப்யூபுரூஃபன், அசிக்ளோஃபெனாக் வகை மருந்துகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். இதயச் செயலிழப்பு உள்ளவர் முழங்கால் வலிக்காக இதை நாலு நாள் போட்டால், ஐந்தாம் நாள் மூச்சு முட்டுவது ஆச்சரியமில்லை. மருந்துக் கடையில் “வலிக்கு ரெண்டு கொடுங்க” என்று வாங்கியதை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. நீங்கள் பெயர் சொல்லிக் கேட்டால்தான் வெளிவரும்.

இன்சுலினில் ஊசி மாறிப்போவது ஆபத்தான ஒன்று. இங்கே புட்டியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி ஊசி. பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் மில்லிக்கு 100 யூனிட். பேனா பழுதாகிவிட்டது என்று கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி ஊசியில் உறிஞ்சினால், 10 யூனிட் கோட்டில் உண்மையில் 25 யூனிட் இருக்கும். 100 யூனிட் மருந்துக்கான ஆரஞ்சு மூடி ஊசியில், மில்லிக்கு 40 யூனிட் உள்ள மருந்தை எடுத்தால் நேர் எதிர்: வேண்டியதில் பாதிகூட உள்ளே போகாது. வீட்டில் பயன்படுத்தும் அதே ஊசியைக் கொண்டுவரச் சொல்லி, உங்கள் கண் முன்னே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

இன்ஹேலரும் அப்படியே. மெஷினில் வைத்து உறிஞ்ச வேண்டிய கேப்ஸ்யூலைத் தண்ணீர் விட்டு விழுங்குகிறவர்கள் உண்டு. ஸ்பிரே வகையில் அழுத்துவதும் மூச்சை இழுப்பதும் ஒன்றுசேராமல் மருந்து தொண்டையிலேயே தங்கிவிடும். இன்ஹேலரோடு பொருத்தும் ஸ்பேசர் குழாய் கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். மருந்தை இழுத்ததும் பத்து விநாடி மூச்சைப் பிடிக்கவும், ஸ்டீராய்டு இன்ஹேலருக்குப் பிறகு வாய் கொப்பளிக்கவும் பழக்குங்கள். விறகடுப்பில் பல வருடம் சமைத்த பெண்களுக்கும் சி.ஓ.பி.டி. வரும். பீடி சிகரெட் பழக்கம் இல்லை என்பதற்காக அவர்களைப் பட்டியலில் விட்டுவிடாதீர்கள்.

சர்க்கரை இறங்கி வருகிறவரின் பையில் கிளைமிபிரைடு அல்லது கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மாத்திரை இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். வயதானவர், சிறுநீரகம் தளர்ந்தவர் என்றால் குளுக்கோஸ் ஏற்றித் தெளிந்த பிறகும் மணிக்கணக்கில் திரும்பத் திரும்பச் சர்க்கரை இறங்கும். அவரை நாலு மணி நேரத்தில் வீட்டுக்கு அனுப்பினால் அன்றிரவே திரும்பி வருவார். இதை டியூட்டி டாக்டரின் கவனத்துக்குக் கொண்டுவருவது உங்கள் வேலை.

நான்காவது படி: ஒரே ஒரு தாள்

டிஸ்சார்ஜ் சம்மரி ஆங்கிலத்தில், நாலு பக்கத்தில் இருக்கும். வீட்டில் அதைப் படிப்பவர் யாருமில்லை. தமிழில், பெரிய எழுத்தில், ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டம். எழுத்து தெரியாதவருக்குச் சூரியன், நிலா வரைந்து அந்தந்த மாத்திரையின் வெற்று அட்டையை அங்கேயே ஒட்டிவிடலாம்.

தாளின் கீழ்ப் பாதியில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பகுதி. இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு எடுத்துக்காட்டாகச் சொன்னால்: எடை மாறவில்லை, படுத்துத் தூங்க முடிகிறது என்றால் பச்சை. மூன்று நாளில் எடை இரண்டு கிலோவுக்கு மேல் ஏறியது, செருப்பு இறுகுகிறது, படுக்க ஒரு தலையணை போதாமல் இரண்டானது என்றால் மஞ்சள். அன்றே சிஸ்டருக்குப் போன் செய்ய வேண்டும். உட்கார்ந்திருந்தாலும் மூச்சு வாங்குகிறது, நெஞ்சு வலிக்கிறது, மயக்கம் வருகிறது என்றால் சிவப்பு. நேராக 108. முகம் ஒருபக்கம் கோணினாலோ கை கால் ஒருபக்கம் விழுந்தாலோ, எந்த நோயாளிக்கும் அதே 108தான். சிவப்பில் இருப்பவர் உங்களுக்குப் போன் செய்து நேரத்தை வீணாக்கக் கூடாது. இந்தத் திட்டம் யாரையும் கேஸுவாலிட்டிக்கு வராமல் தடுப்பதற்காக அல்ல என்பதை ஒவ்வொருவரிடமும் வாயால் சொல்லுங்கள்.

எடை பார்க்கும் நேரம் காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பிறகு, காப்பி குடிக்கும் முன். வீட்டில் மெஷின் இல்லையென்றால் பக்கத்தில் எந்த மருந்துக் கடையில் இருக்கிறது என்று விசாரித்து, வாரம் இரண்டு நாளாவது போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

உப்பைப் பற்றிப் பேசும்போது “உப்பைக் குறைங்க” என்பது ஒன்றுக்கும் உதவாது. சாம்பாரில் உப்பைக் குறைத்துவிட்டு, அது சப்பென்று இருக்கிறது என்று ஊறுகாயைக் கூட வைத்துக்கொள்வார்கள். அப்பளம், வடகம், மோர் மிளகாய், கருவாடு, ஊறுகாய், மிக்சர் என்று பெயர் சொல்லிப் பேசுங்கள். அவர் வீட்டில் நேற்று என்ன சமையல் என்று கேட்டு அதிலிருந்தே தொடங்குங்கள். டயாலிசிஸ் நோயாளியிடம் இளநீரைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். உடம்புக்குக் குளிர்ச்சி என்று குடிப்பார்கள். அதிலுள்ள பொட்டாசியம், ஒரு டயாலிசிஸ் தவறியவருக்கு இதயத்தையே நிறுத்திவிடக்கூடியது.

சொல்லி முடித்ததும் “புரிஞ்சுதா?” என்று கேட்காதீர்கள், எல்லாரும் தலையாட்டுவார்கள். “நான் சரியாச் சொன்னேனான்னு பாக்கணும்மா. வீட்டுக்குப் போய் மருமககிட்ட இத எப்படிச் சொல்லுவீங்க, எனக்குச் சொல்லிக் காட்டுங்க” என்று கேளுங்கள். தவறாகச் சொன்னால் வேறு விதமாக விளக்கிவிட்டு மறுபடி கேளுங்கள்.

ஐந்தாவது படி: வெளியே போகும் முன்

அடுத்த ஓ.பி. தேதி கையில் இருக்க வேண்டும். ஏழு நாளுக்குள் இருந்தால் நல்லது. “ஒரு வாரம் கழிச்சு வாங்க” என்பது தேதி ஆகாது. எந்த நாள், எந்த அறை, எந்த டாக்டர் என்று எழுதுங்கள். அந்த நாள் வரை மாத்திரை போதுமா என்று எண்ணிப் பாருங்கள். வலிப்பு நோயாளிகள் பலர் திரும்பி வருவது, மாத்திரை தீர்ந்த நாளுக்கும் ஓ.பி. நாளுக்கும் இடையிலுள்ள அந்த மூன்று நாலு நாளில்தான்.

ஆறாவது படி: 48 மணி நேரத்துக்குள் போன்

போன் எண் மகனுடையதாக இருந்தால், அவர் வேலைக்குப் போகும் பகல் நேரத்தில் கூப்பிட்டுப் பயனில்லை. எந்த நேரத்தில் யார் கையில் போன் இருக்கும் என்பதை ஆஸ்பத்திரியிலேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். போன் பேச்சு எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு மாதிரி:

“வணக்கம்மா, கேஸுவாலிட்டியில உங்களப் பார்த்துக்கிட்ட சிஸ்டர் பேசுறேன். இப்பப் பேசலாமா?”

“சொல்லுங்க சிஸ்டர்.”

“மாத்திரை டப்பாவக் கையில எடுத்துக்கோங்க. காலையில எதெது போட்டீங்க? பேரு வேண்டாம், கலர் சொன்னாப் போதும்.”

“மஞ்ச ஒண்ணு, ரோஸ் ஒண்ணு போட்டேன். அந்தச் சின்ன வெள்ள மட்டும் போடல.”

“ஏம்மா?”

“இன்னைக்குப் பேத்திக்கு வளைகாப்பு சிஸ்டர். அத போட்டா நிமிஷத்துக்கு ஒருதரம் போகணும். மண்டபத்துல எங்க போறது?”

“நியாயம்தான்மா. விட்டுறாதீங்க, ஆனா நேரத்த மாத்திக்கலாமான்னு டாக்டர்கிட்டக் கேட்டுட்டு பத்து நிமிஷத்துல கூப்பிடுறேன். எத்தன மணிக்கு வீட்டுக்கு வருவீங்க?”

அந்தச் சின்ன வெள்ளை நீர் பிரியும் மாத்திரை. வெளியூர் போகும் நாளில், கல்யாண வீட்டில், பஸ்ஸில் அதை விட்டுவிடுவது பெண்களிடம் மிகவும் சாதாரணம், ஏனென்றால் அவர்களுக்குப் போகும் இடத்தில் கழிப்பறை இல்லை. பல நோயாளிகளுக்கு டாக்டர் நேரத்தை மாற்றிக்கொள்ளச் சம்மதிப்பார். இதைத் தெரிந்துகொள்ளாமல் டோஸை மட்டும் கூட்டினால் அடுத்த விசேஷத்தில் மறுபடி வருவார்.

முதல் வாரத்தில் இரண்டு போன், பிறகு வாரம் ஒன்று, இரண்டாம் மாதத்தில் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு முறை எடுக்கவில்லை என்றால் ஊர் சுகாதாரச் செவிலியர் மூலம் விசாரியுங்கள். ஒவ்வொரு போனையும் ஒரு நோட்டில் தேதி, கேட்டது, செய்தது என்று மூன்று வரியில் எழுதுங்கள். அது உங்களுக்கும் பாதுகாப்பு.

ஏழாவது படி: ஊருக்குள் யாரிடம் ஒப்படைப்பது

தமிழ்நாட்டில் நமக்குப் பெரிய வசதி ஒன்று இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு வலிநிவாரணச் செவிலியரும் பிசியோதெரபிஸ்டும் வீடு தேடி வருகிறார்கள். உங்கள் நோயாளி அந்தப் பட்டியலில் இருக்கிறாரா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள், இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள். டோஸ் மாறியிருந்தால் அந்தத் தகவல் தன்னார்வலருக்கும் போக வேண்டும். போகாவிட்டால் பழைய டோஸ் வீட்டுக்கு வந்துகொண்டே இருக்கும்.

படபடப்பு, பயம், தூக்கமின்மை என்று வந்து, ஈ.சி.ஜி. எல்லாம் சரியாக இருந்து திரும்பிப் போகிறவர்களுக்கு 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணைக் கொடுத்து, மனநல ஓ.பி. தேதியும் வாங்கிக் கொடுங்கள். குடியை நிறுத்தியதும் வலிப்பு வந்து வருகிறவருக்கு அறிவுரை போதாது. அது மருந்தோடு பார்க்க வேண்டிய நோய், மீட்பு சிகிச்சைக்கு நேரடியாக அனுப்ப வேண்டும்.

எட்டாவது படி: அப்படியும் வந்தால்

வருவார்கள். சீட்டில் அல்லது கணினியில் ஒரு அடையாளம் வைத்து, உங்கள் பட்டியலில் உள்ளவர் கேஸுவாலிட்டிக்கு வந்ததும் உங்களுக்குத் தகவல் வரும்படி செய்யுங்கள். மறுநாளுக்குள் அவரைப் பார்த்து இரண்டாவது படியை மறுபடி தொடங்குங்கள். சில வருகைகள் சரியான வருகைகள்: சிவப்புக் குறி கண்டு உடனே வந்தவர் நீங்கள் சொன்னதைத்தான் செய்திருக்கிறார். அவரைப் பாராட்டுங்கள்.

ஒன்பதாவது படி: பலன் உண்டா என்று அளப்பது

72 மணி நேரத்துக்குள் திரும்பியவர்கள், 30 நாளில் திரும்பியவர்கள் என்ற இரண்டு எண்ணிக்கை போதும். ஆனால் முன்பு இவ்வளவு, பின்பு இவ்வளவு என்று மட்டும் பார்த்து மகிழ்ந்துவிட வேண்டாம். அமெரிக்காவின் கேம்டன் நகரில் அடிக்கடி அட்மிட் ஆகிறவர்களைத் தேடிப் பிடித்துச் செவிலியர்களும் சமூகப் பணியாளர்களும் கவனித்த திட்டம் உலகப் புகழ் பெற்றது. 800 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டு பிரிவாக்கி நடத்திய ஆய்வு 2020-ல் வெளியானபோது, 180 நாளில் மறுபடி அட்மிட் ஆனவர்கள் திட்டத்தில் 62.3 சதவீதம், திட்டத்தில் இல்லாதவர்களில் 61.7 சதவீதம். ஒருவரின் மிக மோசமான காலத்தில் அவரைத் தேர்ந்தெடுத்தால், எதுவும் செய்யாமலே அடுத்த சில மாதங்களில் ஓரளவு குறையத்தான் செய்யும்.

இதைக் கேட்டு மனம் தளர வேண்டாம். கேம்டன் நோயாளிகளில் பலருக்கு நோயோடு வீட்டு வசதி, போதைப் பழக்கம் போன்ற சிக்கல்களும் இருந்தன. சில மாதக் கவனிப்பால் அவை தீராது. செயின்ட் லூயிஸில் ஒரே நோய், மாற்றக்கூடிய காரணங்கள். முதல் படியில் ஒரு நோயோடு தொடங்கச் சொன்னது இதனால்தான். உங்கள் திட்டத்தில் சேர்க்க இடம் போதாமல் காத்திருக்கும் நோயாளிகள் எத்தனை முறை திரும்பி வருகிறார்கள் என்பதையும் கூடவே குறித்து வாருங்கள். அதுதான் உங்கள் ஒப்பீடு.

பத்தாவது படி: முடிப்பதும் மாற்றிக் கொடுப்பதும்

மூன்று மாதம் கேஸுவாலிட்டி பக்கம் வராமல், மஞ்சள் குறியைத் தானே கண்டுபிடித்து ஒருமுறையாவது போன் செய்துவிட்டார் என்றால் அவருக்கான தொடர் கவனிப்பை முடித்துக்கொள்ளலாம். திடீரென்று நிறுத்தாமல், இனி மாதம் ஒரு போன்தான் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். தாளில் உங்கள் பெயரோடு இரண்டாவதாக இன்னொரு செவிலியரின் பெயரையும் முதல் நாளிலிருந்தே எழுதுங்கள், அவரை நோயாளிக்கு நேரில் அறிமுகமும் செய்யுங்கள். எண் ஆஸ்பத்திரியின் போனாக இருக்கட்டும், உங்கள் சொந்த செல் எண் வேண்டாம். நீங்கள் லீவில் போனாலும், வேறு ஊருக்கு மாற்றலானாலும், ராத்திரி கால் வீங்கினால் அந்த அம்மா கூப்பிடும் எண்ணை யாராவது எடுக்க வேண்டும்.